சட்டத்தில் பெயரில்லாத குற்றம்: 2013 ஐபிஎல் வழக்கு

2013 மே 9, மொஹாலி. கிங்ஸ் லெவன் பஞ்சாபும் ராஜஸ்தான் ராயல்ஸும் மோதுகின்றன. ராஜஸ்தானின் பந்துவீச்சாளர் ஸ்ரீசாந்த் தன் இரண்டாவது ஓவரை வீச வருகிறார். இடுப்பில் சிறு துண்டு ஒன்று செருகியிருக்கிறது. டிவி பார்த்துக்கொண்டிருந்த நமக்கு அது வியர்வை துடைக்கும் துண்டு. டெல்லி போலீஸ் சொன்ன கதையிலோ அது சூதாட்டத் தரகர்களுக்கு ஒரு சைகை: இந்த ஓவரில் 14 ரன்னோ அதற்கு மேலோ போகும், பணத்தைக் கட்டுங்கள். அந்த ஓவரில் போனது 13.

அதற்கு நான்கு நாள் முன்பு, மே 5, ஜெய்ப்பூர். புனே வாரியர்ஸுக்கு எதிராக ராஜஸ்தானின் சுழற்பந்து வீச்சாளர் அஜித் சண்டிலா ஓர் ஓவரில் 14 ரன் கொடுத்தார். போலீஸ் சொன்னபடி ரன் கணக்கு சரியாக இருந்தது, சைகை மட்டும் விட்டுப்போனது. சைகை வராததால் தரகர்களால் பெட் கட்ட முடியவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கேட்டுத் தகராறு வந்ததாம். மே 15 அன்று மும்பையில் மும்பை இந்தியன்ஸுக்கு எதிராக அதே அணியின் அங்கீத் சவான் முறை. ஆட்டம் முடிந்த இரவே, விடிவதற்குள், மூவரையும் மும்பையில் வைத்து டெல்லி போலீஸ் கைது செய்தது. மே 16 அன்று நடந்த பத்திரிகையாளர் சந்திப்பில் தொகைகளும் வெளிவந்தன. ஸ்ரீசாந்துக்கு 40 லட்சம், சவானுக்கு 60 லட்சம், சண்டிலாவுக்கு முன்பணம் 20 லட்சம் என்றார்கள்.

இவை அனைத்தும் போலீஸின் குற்றச்சாட்டுகள். நீதிமன்றத்தில் இவற்றுக்கு என்ன ஆனது என்பதற்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதுகிறேன்.

ஒரு சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளலாம். ஓர் ஓவரில் 14 ரன் போனால் யாருக்கு என்ன லாபம்? ஆட்டமே தோற்கவில்லையே? கிரிக்கெட் சூதாட்டத்தில் வெற்றி தோல்விக்குக் கட்டுவது ஒரு பகுதிதான். அதற்கு இணையாக ஓடுவது ‘செஷன்’. முதல் ஆறு ஓவரில் எத்தனை ரன், இந்த ஓவரில் எத்தனை, மொத்த ஸ்கோர் எவ்வளவு என்று துண்டு துண்டாகக் கட்டுவார்கள். பதினோரு பேரை விலைக்கு வாங்கி ஒரு ஆட்டத்தையே தோற்கடிப்பது கடினம். எப்படியும் வெளியே வந்துவிடும். ஒரே ஒரு பந்துவீச்சாளரிடமிருந்து ஆறு பந்தை வாங்குவது எளிது. மோசமான ஓவர் யாருக்கும் வரும். நல்ல பந்தையும் சிக்ஸர் அடிப்பார்கள். அதனால் வீசியவரைத் தவிர உண்மை யாருக்கும் தெரியாது.

இந்தச் சந்தையில் ரசீது கிடையாது. எல்லாம் தொலைபேசியில், வாய்ச்சொல்லில். கணக்கு மறுநாளோ வாரக் கடைசியிலோ ரொக்கமாகத் தீரும். பெரிய தொகை என்றால் ஹவாலா. கட்டியவனுக்குத் தன் பணம் எங்கே போகிறது என்று தெரியாது. தரகனுக்குத் தன் மேல் தரகன் யாரென்று முழுதாகத் தெரியாது. இப்படிப்பட்ட இடத்தில் முறைகேடு நடந்தால் அதற்குத் தடயமாக இருக்கக்கூடியது ஒட்டுக்கேட்ட தொலைபேசி உரையாடல் மட்டுமே. 2013 வழக்கின் பலமும் அதுதான், பலவீனமும் அதுதான்.

சென்னை வரை வந்த நூல்

டெல்லி போலீஸ் பிடித்தது வீரர்களை. மும்பை போலீஸ் தனியாக இழுத்த நூல் வேறு இடத்துக்குப் போனது. மே 21 அன்று நடிகர் விந்து தாரா சிங் கைதானார். மூன்று நாள் கழித்து, மே 24 இரவு, குருநாத் மெய்யப்பன்.

குருநாத் யார் என்று சென்னையில் கிரிக்கெட் பார்க்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. சென்னை சூப்பர் கிங்ஸின் ஏலங்களில் மேசையில் உட்கார்ந்தவர். வீரர்களோடு மைதான ஓரத்து இருக்கையில் இருந்தவர். அவருடைய விசிட்டிங் கார்டிலேயே ‘டீம் பிரின்சிபல்’ என்றுதான் இருந்தது. அணியின் உரிமையாளரான இந்தியா சிமெண்ட்ஸின் நிர்வாக இயக்குநரும், அப்போதைய இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவருமான என். சீனிவாசனின் மருமகன். கைதுக்குப் பிறகு இந்தியா சிமெண்ட்ஸ் அறிக்கை விட்டது: அவர் உரிமையாளரும் இல்லை, தலைமைச் செயல் அதிகாரியும் இல்லை, டீம் பிரின்சிபலும் இல்லை, நிர்வாகக் குழுவில் கௌரவ உறுப்பினர், அவ்வளவே. கிரிக்கெட்டில் ஆர்வமுள்ளவர் என்ற அளவில் அணியோடு இருந்தார் என்ற விளக்கமும் அடுத்து வந்தது.

அந்த வாரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டீக்கடையில் பேசியவர்கள் கோபப்பட்டது சூதாட்டத்துக்காக அல்ல. ஊரில் பெட் கட்டுகிறவர்கள் இருப்பது எல்லோருக்கும் தெரிந்ததே. ‘ஆர்வமுள்ளவர்’ என்ற அந்த ஒரு சொல்லைத்தான் யாராலும் விழுங்க முடியவில்லை. ஐந்து வருஷமாக எங்கள் கண் முன்னால் உட்கார்ந்திருந்தவரை நாங்கள் பார்க்கவே இல்லை என்று சொல்வது போல் இருந்தது.

பின்னால் உச்ச நீதிமன்றம் அமைத்த முத்கல் கமிட்டி இந்தக் கேள்விக்குத் தெளிவாகவே பதில் சொன்னது. குருநாத் அணி நிர்வாகியே. அவர் பெட் கட்டினார், அணிக்குள் இருந்த தகவலையும் வெளியே கொடுத்தார். கமிட்டி எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று மே 12 அன்று ஜெய்ப்பூரில் நடந்த சென்னை–ராஜஸ்தான் ஆட்டம். சென்னை 130இலிருந்து 140 ரன் எடுக்கும் என்று குருநாத் தொலைபேசியில் சொன்னதாகப் பதிவு. சென்னை எடுத்தது 141. இதை வைத்து அவர் ஆட்டத்தையே ஃபிக்ஸ் செய்தார் என்று சொல்ல முடியாது. 2014 நவம்பரில் வந்த இறுதி அறிக்கையும் மேட்ச் ஃபிக்ஸிங்கில் அவருக்குப் பங்கில்லை என்றே சொன்னது. ஆனால் ஆடுகளம் எப்படி இருக்கிறது, யார் ஆடப்போகிறார், அணி என்ன திட்டத்தில் இருக்கிறது என்பதெல்லாம் தெரிந்த ஒருவர் அதே ஆட்டத்தின் மீது பணம் வைப்பது, சீட்டுக் கலைக்கிறவனே சீட்டாடுவது போலத்தான்.

ராஜஸ்தான் ராயல்ஸின் பங்குதாரர் ராஜ் குந்த்ராவும் பெட் கட்டியதாகக் கமிட்டி கண்டது.

தன் வழக்கில் தானே நீதிபதி

இந்த வழக்கில் சூதாட்டத்தைவிட என்னை அதிகம் உறுத்துவது வாரியம் நடந்துகொண்ட விதம்.

2008இல் ஐபிஎல் தொடங்கியபோது சென்னை அணியை இந்தியா சிமெண்ட்ஸ் 9.1 கோடி டாலருக்கு வாங்கியது. அப்போது சீனிவாசன் வாரியத்தின் பொருளாளர். வாரிய நிர்வாகிகள் வாரியத்தின் போட்டிகளில் நேரடியாகவோ மறைமுகமாகவோ வணிக நலன் வைத்துக்கொள்ளக் கூடாது என்று விதி இருந்தது. 6.2.4 என்ற அந்த விதியில் அதே ஆண்டு ஒரு திருத்தம் நுழைந்தது: ஐபிஎல், சாம்பியன்ஸ் லீக் ஆகியவை நீங்கலாக. ஒரு சில சொற்கள்தான். அதன்பின் லீக்கை நடத்துகிறவரும் அதில் ஆடும் அணியின் சொந்தக்காரரும் ஒரே ஆளாக இருக்கலாம்.

2013இல் நெருப்பு பற்றிக்கொண்டபோது சீனிவாசன் ஜூன் 2 அன்று தற்காலிகமாக ஒதுங்கினார். ஜக்மோகன் டால்மியா பொறுப்பேற்றார். விசாரிக்க வாரியமே ஓய்வுபெற்ற இரண்டு நீதிபதிகளைக் கொண்ட குழுவை அமைத்தது. ஜூலை 28 அன்று அந்தக் குழு அணிகள் மீதும் உரிமையாளர்கள் மீதும் தவறில்லை என்றது. இரண்டே நாளில், ஜூலை 30 அன்று, அந்தக் குழு அமைக்கப்பட்ட விதமே சட்டவிரோதம் என்று பம்பாய் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வழக்குப் போட்டது பீகார் கிரிக்கெட் சங்கம். வாரியத்தில் அப்போது உறுப்பினர் அந்தஸ்துகூட இல்லாத ஒரு சங்கம். அதன் செயலாளர் ஆதித்ய வர்மா விடாப்பிடியாக நின்றிராவிட்டால் கதை அந்த ஜூலையிலேயே முடிந்திருக்கும்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 2013 அக்டோபரில் முகுல் முத்கல் தலைமையில் நாகேஸ்வர ராவ், நிலய் தத்தா ஆகியோரோடு கமிட்டி அமைந்தது. 2014 பிப்ரவரியில் முதல் அறிக்கை வந்தது, சீல் வைத்த உறையில் சில பெயர்களுடன். மார்ச்சில் சீனிவாசன் பதவியில் இருக்கும்வரை நேர்மையான விசாரணை நடக்காது என்று நீதிமன்றம் கடிந்துகொண்டது. அந்த ஆண்டு ஐபிஎல்லைக் கவனிக்கும் பொறுப்பு சுனில் கவாஸ்கரிடம் போனது. சீனிவாசன் ஃபிக்ஸிங்கில் ஈடுபடவில்லை, விசாரணையைத் தடுக்கவும் இல்லை, ஆனால் ஒரு வீரரின் விதிமீறல் தெரிந்தும் நடவடிக்கை எடுக்கவில்லை என்பது இறுதி அறிக்கையின் கண்டறிதல். இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

2015 ஜனவரி 22 அன்று நீதிபதிகள் டி.எஸ். தாக்கூரும் கலிஃபுல்லாவும் தீர்ப்பளித்தார்கள். அந்தத் திருத்தம் செல்லாது. வாரியம் தனியார் சங்கமாக இருக்கலாம். ஆனால் அது செய்வது பொதுப்பணி, ஆகவே உயர் நீதிமன்றத்தின் ரிட் அதிகாரத்துக்கு உட்பட்டது. தண்டனையைத் தீர்மானிக்கவும் வாரியத்தைச் சீர்திருத்த வழி சொல்லவும் ஆர்.எம். லோதா, அசோக் பான், ஆர்.வி. ரவீந்திரன் ஆகிய மூன்று ஓய்வுபெற்ற நீதிபதிகள் அமர்த்தப்பட்டார்கள்.

பதினொரு நாள் இடைவெளி

2015 ஜூலை 14. லோதா கமிட்டி குருநாத்துக்கும் குந்த்ராவுக்கும் கிரிக்கெட்டில் வாழ்நாள் தடை விதித்தது. சென்னை, ராஜஸ்தான் இரு அணிகளுக்கும் இரண்டு ஆண்டு இடைநீக்கம்.

2015 ஜூலை 25. டெல்லி பாட்டியாலா ஹவுஸ் நீதிமன்றம் ஸ்ரீசாந்த், சண்டிலா, சவான் உட்பட 36 பேரையும் வழக்கிலிருந்து விடுவித்தது. சாட்சி விசாரணை வரைக்கும்கூட வழக்கு போகவில்லை. குற்றச்சாட்டைப் பதிவு செய்யவே முகாந்திரம் இல்லை என்று முடிந்துவிட்டது.

இந்தப் பதினொரு நாளில்தான் இந்த வழக்கின் முழுப் பாடமும் இருக்கிறது என்பேன். பெட் கட்டியவரின் அணி இரண்டு ஆண்டு மூடப்படுகிறது. பந்தை விற்றதாகச் சொல்லப்பட்டவர்கள் வீட்டுக்குப் போகிறார்கள். எப்படி?

முதலாவது, ஒப்பந்தத்தை மீறியதற்கான தண்டனை. வாரியத்தின் விதிகளும் அணி உரிமையாளரோடு போட்ட ஒப்பந்தமும் லீக்கின் பெயரைக் கெடுத்தால் நடவடிக்கை என்கின்றன. அதற்குக் கமிட்டி திரட்டிய அளவு ஆதாரம் போதும். இரண்டாவது, குற்றவியல் வழக்கு. அங்கே ‘ஸ்பாட் ஃபிக்ஸிங்’, அதாவது ஆட்டத்தின் ஒரு துண்டை மட்டும் விற்பது, என்ற குற்றமே இந்தியச் சட்டத்தில் இல்லை. டெல்லி போலீஸ் என்ன செய்தது? திட்டமிட்ட குற்றக் கும்பல்களுக்காக மகாராஷ்டிரா கொண்டுவந்த மகோகா சட்டத்தைக் கையில் எடுத்தது. தாவூத் இப்ராஹிம், சோட்டா ஷகீல் பெயர்களைக் குற்றப்பத்திரிகையில் சேர்த்தது. ஓர் ஓவரை விற்றதாகச் சொல்லப்படும் பந்துவீச்சாளர், சர்வதேச மாஃபியாவின் உறுப்பினர் என்று நிரூபிக்க வேண்டிய நிலை. எலியைப் பிடிக்க யானை வலை போட்டால் எலி கண்ணி வழியே போய்விடும். இங்கே போனது குற்றவாளியா நிரபராதியா என்று சொல்லவும் நமக்கு வழியில்லாமல் போனது.

சரி, சாதாரண மோசடிப் பிரிவான 420இல் போட்டிருக்கலாமே என்று தோன்றும். அதற்குப் பதில் ஏழு ஆண்டு கழித்துப் பெங்களூரிலிருந்து வந்தது. 2019 கர்நாடகா பிரீமியர் லீக்கில் ஃபிக்ஸிங் நடந்ததாக வீரர்கள் சிலர் மீது 420இல் வழக்குப் போட்டார்கள். 2022 ஜனவரி 10 அன்று கர்நாடக உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது. மோசடி என்றால் ஒருவரை ஏமாற்றி அவரிடமிருந்து பொருளைக் கைமாற்றச் செய்திருக்க வேண்டும். ரசிகன் டிக்கெட் வாங்கினான், உண்மைதான். ஆனால் வீரர் ஏமாற்றித் தூண்டியதால் வாங்கவில்லை, தானே வாங்கினான். ஒழுக்கக்கேடு, நேர்மையின்மை என்று சொல்லலாம், நடவடிக்கை எடுக்க வாரியத்துக்கு அதிகாரமும் உண்டு, 420 ஆகாது.

சட்டத்தின் எழுத்துப்படி இந்த வாதத்தை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் படித்தபோது வயிற்றில் ஏதோ செய்தது. வெயிலில் வரிசையில் நின்று சேப்பாக்கத்தில் டிக்கெட் வாங்கியவன் எதையும் இழக்கவில்லையாம்.

லண்டனில் வேறு மாதிரி

இதே குற்றம் மூன்று ஆண்டுகள் முன்பு இங்கிலாந்தில் நடந்தது. 2010 ஆகஸ்ட், லார்ட்ஸ் டெஸ்ட். பாகிஸ்தானின் முகமது ஆமிரும் முகமது ஆசிஃபும் முன்கூட்டியே சொல்லிவைத்த பந்துகளில் நோ-பால் வீசினார்கள். மொத்தம் மூன்று. ஏஜென்ட் மஜீத் ஒரு பத்திரிகையின் ஆளிடம் 1,50,000 பவுண்டு வாங்கிக்கொண்டு எந்த ஓவரில் எந்தப் பந்து என்று சொன்னது வீடியோவிலேயே இருந்தது. 2011 நவம்பரில் லண்டன் சதர்க் நீதிமன்றம் கேப்டன் சல்மான் பட்டுக்கு 30 மாதம், ஆசிஃபுக்கு ஓராண்டு, ஆமிருக்கு ஆறு மாதம், மஜீத்துக்கு இரண்டு ஆண்டு எட்டு மாதம் சிறை விதித்தது.

அங்கே எந்தச் சட்டத்தில்? 2005ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டம். அதன் 42ஆம் பிரிவு, சூதாட்டத்தில் ஏமாற்றுவதைத் தனிக் குற்றமாக்குகிறது. பெட் கட்டுவது அங்கே சட்டப்படியான தொழில். அதனால் பெட் கட்டியவனும் சட்டத்தின் கண்ணில் ஒரு நுகர்வோர், அவனை ஏமாற்றுவது குற்றம். யாராவது உண்மையில் பணம் இழந்தார்களா என்று நிரூபிக்கவும் வேண்டியதில்லை. இந்தியாவில் பெட் கட்டியவனே குற்றவாளி. அவனை ஏமாற்றினால் அவன் எந்த ஸ்டேஷனில் போய்ப் புகார் கொடுப்பான்?

அதற்காக பெட்டிங்கைச் சட்டபூர்வமாக்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. அமெரிக்காவைப் பாருங்கள். 2018 மே மாதம் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் விளையாட்டுச் சூதாட்டத்தைத் தடுத்த மத்தியச் சட்டத்தை ரத்து செய்தது. அதன்பின் மாநிலம் மாநிலமாகக் கடை திறந்தார்கள். 2024இல் டொராண்டோ ராப்டர்ஸ் கூடைப்பந்து வீரர் ஜான்டே போர்ட்டர் வாழ்நாள் தடை பெற்றார். தன் உடல்நிலை பற்றிய தகவலைச் சூதாட்டக்காரர்களிடம் கொடுத்தார். ஓர் ஆட்டத்தில் மூன்று நிமிடம் மட்டும் ஆடிவிட்டு உடம்பு சரியில்லை என்று வெளியேறினார். அவர் குறைவாகவே புள்ளி எடுப்பார் என்று ஒருவர் 80,000 டாலர் கட்டியிருந்தார். வென்றிருந்தால் 11 லட்சம் டாலர் கிடைத்திருக்கும். மாட்டியது எப்படி என்றால், உரிமம் பெற்ற நிறுவனம் இவ்வளவு பெரிய தொகையைச் சந்தேகித்துப் பணத்தை முடக்கித் தகவல் கொடுத்தது. உரிமம் கொடுத்தால் கணக்குப் புத்தகம் இருக்கும், அதில் ஒழுங்கற்ற வரி கண்ணில் படும். அதே நேரத்தில், அவ்வளவாகப் பெயர் தெரியாத ஒரு வீரர் எத்தனை புள்ளி எடுப்பார் என்பதற்கெல்லாம் பெட் கட்ட வழி திறந்துவிட்டதும் அந்தச் சட்டபூர்வச் சந்தைதான். ஆறு பந்தை விலைக்கு வாங்கலாம் என்ற அதே கணக்கு.

1867இலிருந்து 2025 வரை

இந்தியாவின் பொதுச் சூதாட்டச் சட்டம் 1867ஆம் ஆண்டுடையது. சூதாட்ட விடுதி நடத்தினால் 200 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை. அங்கே ஆடி மாட்டினால் 100 ரூபாய் அல்லது ஒரு மாதம். சென்னை மாகாணத்துக்கு 1888ஆம் ஆண்டின் நகரக் காவல் சட்டமும் 1930ஆம் ஆண்டின் சூதாட்டச் சட்டமும். அரசியல் சாசனத்தில் சூதாட்டம் மாநிலப் பட்டியலின் 34ஆவது வரி. அதற்கு முந்தைய 33ஆவது வரியில் விளையாட்டு இருக்கிறது. இரண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு, இரண்டும் மாநிலத்தின் கையில். பணம் மட்டும் மாநில எல்லைக்குள் நிற்பதில்லை.

நீதிமன்றங்கள் தங்கள் பங்குக்கு ஒரு கோடு போட்டன: திறமை விளையாட்டா, அதிர்ஷ்ட விளையாட்டா? 1968இல் ரம்மி பெருமளவு திறமை என்றார்கள். 1996இல் சென்னை ரேஸ் கிளப் தொடர்பான வழக்கில் குதிரைப் பந்தயமும் திறமை என்றார்கள். கிண்டியில் குதிரைக்குக் கட்டினால் சட்டபூர்வம், சேப்பாக்கத்தில் தோனிக்குக் கட்டினால் குற்றம். இந்தக் கோட்டை வைத்துக்கொண்டுதான் பின்னால் ஃபேன்டசி ஆப்கள் வந்தன. அணி தேர்ந்தெடுப்பது திறமை என்ற அவர்கள் வாதத்தை உயர் நீதிமன்றங்களும் ஏற்றன. 2020இல் ஐபிஎல்லின் தலைப்பு விளம்பரதாரரே அப்படியொரு ஆப்பான ட்ரீம்11. பெட்டிங்குக்காக இரண்டு அணிகள் மூடப்பட்டு ஐந்தே ஆண்டு ஆகியிருந்தது.

லோதா கமிட்டி 2016 ஜனவரியில் கொடுத்த அறிக்கையில் ஒரு தெளிவு இருந்தது. பெட்டிங் வேறு, ஃபிக்ஸிங் வேறு. முதலாவதை உரிமம் கொடுத்து ஒழுங்குபடுத்துங்கள், வீரர்களும் நிர்வாகிகளும் மட்டும் அதைத் தொடக்கூடாது. இரண்டாவதைக் குற்றவியல் குற்றமாக்குங்கள். வாரியச் சீர்திருத்தத்தைப் பெரும்பாலும் ஏற்ற உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தை மட்டும் சட்டமன்றங்களின் வேலை என்று விட்டுவிட்டது. சட்ட ஆணையம் 2018 ஜூலையில் 276ஆவது அறிக்கையைக் கொடுத்தது. தடையே விரும்பத்தக்கது, ஆனால் தடுக்க முடியாத இடத்தில் ஒழுங்குபடுத்துவதே வழி. பான், ஆதார் இணைத்து, ரொக்கமில்லாமல் நடக்கட்டும் என்றது. ஊடகங்கள் ‘சூதாட்டத்தை அனுமதிக்கப் பரிந்துரை’ என்று தலைப்புப் போட்டன. ஆணையமே விளக்கம் கொடுக்க வேண்டி வந்தது. அறிக்கை அலமாரிக்குப் போனது. விளையாட்டு மோசடியைத் தண்டிக்க விளையாட்டு அமைச்சகம் 2013இலேயே தயாரித்த வரைவு மசோதா அதற்கு முன்பே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

தமிழ்நாட்டின் கதை தனி. இங்கே விவாதத்தைத் தள்ளிக்கொண்டு போனது கிரிக்கெட் அல்ல, ஆன்லைன் ரம்மியில் பணத்தை இழந்தவர்களின் தற்கொலைகள். 2020 நவம்பரில் அவசரச் சட்டம் வந்தது, பிறகு அது சட்டமானது. 2021 ஆகஸ்டில் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. நீதிபதி சந்துரு குழுவின் அறிக்கைக்குப் பிறகு 2022இல் புதுச் சட்டம். ஆளுநர் திருப்பியனுப்பி, சட்டமன்றம் மீண்டும் நிறைவேற்றி, 2023 ஏப்ரலில் ஒப்புதல். அந்த நவம்பரில் ரம்மியும் போக்கரும் திறமை விளையாட்டு என்று அவற்றை மட்டும் நீதிமன்றம் வெளியே எடுத்தது. 2025இல் நள்ளிரவு முதல் காலை ஐந்து வரை ஆடக் கூடாது, ஆதார் வேண்டும் என்ற விதிகளை அதே நீதிமன்றம் ஏற்றது. இரவு மூன்று மணிக்குத் தனியாக ஃபோனைப் பார்த்துக்கொண்டிருப்பவனைப் பற்றி யோசித்த விதி அது. இந்தியாவில் சூதாட்டம் குறித்துப் போடப்பட்ட விதிகளிலேயே மனிதனை நெருங்கிப் பார்த்த விதி என்று இதைத்தான் சொல்வேன்.

அது நிலைகொள்வதற்குள் 2025 ஆகஸ்ட் 22 அன்று மத்தியச் சட்டம் வந்துவிட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் வைத்து ஆன்லைனில் ஆடும் விளையாட்டை வழங்கினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி வரை அபராதம். விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு, 50 லட்சம். மக்களவையில் ஆகஸ்ட் 20, மாநிலங்களவையில் 21, மறுநாள் ஒப்புதல். மூன்றே நாள். இந்திய அணியின் சட்டையில் இருந்த ட்ரீம்11 பெயர் அதோடு இறங்கியது. 2023 அக்டோபரிலிருந்து இதே ஆட்டங்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி வாங்கிக்கொண்டிருந்ததும் இதே அரசுதான்.

ஆப்களால் குடும்பங்கள் அழிவதைத் தடுக்க இந்தத் தடை உதவினால் எனக்கு மகிழ்ச்சியே. ஆனால் மொஹாலியில் இடுப்பில் துண்டு செருகியதாகச் சொல்லப்பட்ட அந்த ஓவர் நாளைக்கு மறுபடி வீசப்பட்டால்? இந்தப் புதுச் சட்டத்திலும் ஆட்டத்தை விற்பவனுக்கு ஒரு பிரிவு கிடையாது. பணம் வைத்து ஆடுபவனைப் பற்றியும் ஆட வைப்பவனைப் பற்றியும் 158 ஆண்டுகளாகச் சட்டம் போடுகிறோம். பந்தை விற்கிறவனைப் பற்றி ஒரு வரி இல்லை.

பக்கத்தில் இலங்கை அந்த வரியை எழுதிவிட்டது. 2019ஆம் ஆண்டின் 24ஆம் எண் சட்டம் விளையாட்டுக் குற்றங்களைத் தனியாக வரையறுத்து, பத்தாண்டு வரை சிறை என்கிறது. அங்கே வழக்குகள் நடக்கின்றன.

தமிழ்நாடு ஏன் எழுதக் கூடாது? விளையாட்டு மாநிலப் பட்டியலில் இருக்கிறது. குற்றவியல் சட்டம் பொதுப் பட்டியலில் இருக்கிறது. 2016 முதல் தமிழ்நாடு பிரீமியர் லீக் (டிஎன்பிஎல்) நடக்கிறது. திண்டுக்கல்லிலும் திருநெல்வேலியிலும் மாவட்டப் பையன்கள் டிவி வெளிச்சத்தில் ஆடுகிறார்கள். 2019இல் அந்த வீரர்கள் சிலருக்கு வாட்ஸ்அப்பில் யாரோ தூது விட்டதாக வாரியத்தின் ஊழல் தடுப்புப் பிரிவு விசாரித்தது. கோடிகளில் சம்பளம் வாங்கும் நட்சத்திரத்தைவிட, இப்படி ஒரு சீசன் ஒப்பந்தத்தில் ஆடுகிறவனிடம்தான் தரகன் போவான். தூது வந்ததைச் சொன்னால் பாதுகாப்பு, மறைத்தால் தண்டனை, விற்றால் சிறை என்று ஒரு மாநிலச் சட்டம் அவனுக்கும் நல்லது. வாரியத்தின் ஒழுங்கு நடவடிக்கையை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதை 2013 ஜூலையிலேயே பார்த்துவிட்டோம்.

பிறகு

சென்னைக்கு 2016இலும் 2017இலும் ஐபிஎல் அணி இல்லை. மூடப்பட்ட இரு அணிகளின் இடத்தில் புனேவும் குஜராத்தும் ஆடின. 2018இல் சென்னை திரும்பி வந்தது. ஏப்ரல் 10 அன்று சேப்பாக்கத்தில் ஒரே ஓர் ஆட்டம் நடந்தது. காவிரிப் போராட்டத்தால் மற்றவை புனேவுக்குப் போயின. ரசிகர்கள் தனி ரயிலில் புனேவுக்குப் போனார்கள். அந்த ஆண்டு கோப்பையும் வந்தது. பெட் கட்டியது ஒருவர், தண்டனையை அனுபவித்தது அவர் மட்டுமல்ல என்று இன்றும் நினைக்கிறேன். ஆனாலும் அணியை மூடியது சரி என்பதே என் எண்ணம். அது மட்டும்தான் இந்த வழக்கில் எந்த உரிமையாளரும் மறக்க முடியாதபடி நடந்த காரியம்.

ஸ்ரீசாந்த் விஷயம் நீண்டது. நீதிமன்றம் விடுவித்த பிறகும் வாரியத்தின் வாழ்நாள் தடை நீடித்தது. 2017இல் கேரள உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி தடையை நீக்கினார், டிவிஷன் பெஞ்ச் திரும்பக் கொண்டுவந்தது. 2019 மார்ச் 15 அன்று உச்ச நீதிமன்றம், வாரியம் அவரைக் குற்றவாளி என்று கண்டதில் தலையிடாமல், வாழ்நாள் தடை மட்டும் அளவுக்கு மீறியது என்றது. வாரியத்தின் குறைதீர்ப்பாளர் டி.கே. ஜெயின் அதை ஏழு ஆண்டாகக் குறைத்தார். 2020 செப்டம்பரில் தடை முடிந்தது.

2021 ஜனவரி 11, மும்பை வான்கடே. சையது முஷ்டாக் அலி கோப்பையில் புதுச்சேரிக்கு எதிராகக் கேரளா. 37 வயதில் ஸ்ரீசாந்த் மறுபடி பந்தைக் கையில் எடுத்து ஓடிவந்தார், ஒரு விக்கெட்டும் எடுத்தார். அவர் கைதானதும் இதே ஊரில்தான். மொஹாலியின் அந்த 13 ரன் வெறும் மோசமான ஓவரா, விற்ற ஓவரா? அதைக் கேட்டு, சாட்சியை விசாரித்து, ஆம் என்றோ இல்லை என்றோ சொல்லும் நீதிமன்றம் ஒன்று அவருக்கும் கிடைக்கவில்லை, நமக்கும் கிடைக்கவில்லை.